நல்ல கிருமிகளின் படை

ஆர்த்தியின் வயிற்றுக்குள் யுத்தம் நடக்கிறது என்று டைரக்டர் ஜோஸ் சொன்னபோது, பெரியமுத்து குனிந்து மகளின் வயிற்றைப் பார்த்தான். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. மற்றபடி அங்கே அமைதியாகத்தான் இருந்தது.

"இதோ, இவிடெ." டைரக்டர் கையிலிருந்த பிரம்பால் குழந்தையின் தொப்புளைத் தொட்டுக் காட்டினார். "ஒரு வல்லிய பட்டாளம் உண்டு. பக்ஷே புத்தி இல்லாத்த பட்டாளம். பால் வந்தா சத்ரு வந்ததுன்னு நெனச்சு அடிக்குது. நாங்க புத்தியுள்ள பட்டாளத்த உள்ளே அனுப்பப் போறோம். மனசிலாயோ?"

பெரியமுத்துவுக்கு மனசிலாகவில்லை, ஒன்றும் புரியவில்லை. மனசிலாயி என்றான். போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வரும் ஜீப்பை ஓட்டுகிறவன் அவன். செக்போஸ்டில் யார் எதைக் கேட்டாலும் மனசிலாயி என்று சொல்லிப் பழகியிருந்தான்.

போடிமெட்டுக்குச் சற்று மேலே, கேரள எல்லைக்குள், கைவிடப்பட்ட ஏலக்காய் ஸ்டோர் ஒன்றில் இயங்கிவந்தது உதர ரக்‌ஷா மிஷன். வயிற்றைக் காக்கும் இயக்கம் என்று அர்த்தம். மலையில் அலர்ஜியுள்ள குழந்தையே இல்லாமல் செய்வது அதன் லட்சியம். யார் தொடங்கினார்கள், யாருக்குக் கணக்குச் சொல்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. வாசலில் பெரிய போர்டு இருந்தது, குறுக்கே ஏறி இறங்கும் கம்பம் இருந்தது, உள்ளே இருந்தவர்கள் பச்சைப் புள்ளிச் சட்டை போட்டிருந்தார்கள். இவ்வளவு இருந்த பிறகு ஒரு அமைப்புக்கு அதிகாரம் உண்டா என்று கேட்பது மரியாதையில்லை.

ஆர்த்திக்குப் பால் ஆகாது. இதில் மர்மம் ஒன்றுமில்லை. அங்கன்வாடியில் ஒரு வாய் பாயசம் குடித்து, முகம் பூசணிக்காயாக வீங்கி, மூச்சு விசிலடித்து, ஜீப்பில் மலையிறங்கிப் போடி ஆஸ்பத்திரியில் பிழைத்தவள். பாலை நிறுத்துங்கள் என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார் அங்கிருந்த டாக்டர். ஒரே வரியில் முடிகிற வைத்தியத்துக்கு எந்த ஊரிலும் மரியாதை கிடையாது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, பிள்ளை என் பள்ளிக்கூடத்தில் செத்துப்போனால் நான் என்ன செய்வேன், மிஷனின் சர்டிபிகேட்டோடு வாருங்கள் என்றார் ஹெட்மாஸ்டர். அப்படித்தான் பெரியமுத்துவும் அவன் மனைவி அழகுத்தாயும் பட்டாளத்தில் சேர்ந்தார்கள்.

சனிக்கிழமைதோறும் பெற்றோருக்குப் பயிற்சி. ஸ்டோரின் உத்திரத்தில் மணல்மூட்டைகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயின்ட்டில் அலர்ஜி என்று எழுதியிருந்தது. அதைக் குத்த வேண்டும். தாயின் கோபம் பிள்ளையின் ரத்தத்தில் இறங்கும் என்பது மிஷனின் ஆராய்ச்சி முடிவு. வாரம் முழுக்க ஏலக்காய் எடுத்துவிட்டு வந்த அழகுத்தாய், தோட்டத்துக் கங்காணியை நினைத்துக்கொண்டு விட்ட குத்தில் மூட்டை கிழிந்து டைரக்டரின் பளபளத்த ஷூவுக்குள் மணல் கொட்டியது. கைதட்டச் சொன்னார்கள். தட்டினார்கள்.

பயிற்சி முடிந்ததும் டப்பா கொடுத்தார்கள். மேலே துப்பாக்கி பிடித்த சிப்பாய் படம், உள்ளே வெள்ளைப் பொடி. கோடானுகோடி நல்ல கிருமிகள் அதில் உயிரோடு தூங்குகின்றன, வயிற்றுக்குள் போனதும் விழித்துக்கொண்டு புத்தியில்லாத பட்டாளத்துக்குப் புத்தி சொல்லும் என்றார் டைரக்டர். கேள்வி கேட்கலாம் என்றும் சொன்னார். அது ஒரு பேச்சுக்குச் சொல்வது. அழகுத்தாய்க்கு அது தெரியாது.

"சார், உசுரோட இருக்குன்னா அந்தக் கிருமி என்னத்தத் திங்கும்?"

 டைரக்டர் புன்னகைத்தார்.

"அம்மே, ஜெனரல் தன்னோட பட்டாளம் என்ன சாப்பிடுதுன்னு கேக்க மாட்டான். ஜெயிச்சுதான்னு மாத்திரம்தான் கேப்பான்."

மறுபடி கைதட்டல். ஓரமாக நின்ற நர்ஸ் ஜிஸ்மி மட்டும் தட்டவில்லை. அவள் கையில் டப்பாக்கள் இருந்தன.

அடுத்த சனிக்கிழமை, படிக்காத பெற்றோருக்கும் விஞ்ஞானம் புரிய வேண்டுமென்று மைதானத்தில் ஒரு நாடகம் போட்டார்கள். பாலாக நடிக்க மிஷனின் வாட்ச்மேன் கபிரியேலைப் பிடித்தார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பெரியமுத்துவுக்கு மூன்றாவது வீட்டுக்காரர். உச்சந்தலை முதல் பாதம் வரை சுண்ணாம்பு அடித்து, சிரித்தபடி மெதுவாக நடந்து வா என்று சொல்லியிருந்தார்கள். பெற்றோர்கள் புத்தியில்லாத பட்டாளம். ஆளுக்கொரு மூங்கில் தடி.

"பால் வருது," என்று மைக்கில் சொன்னார் டைரக்டர். "பாவம் பால். அது ஒரு தெற்றும் செய்யலை, ஒரு தப்பும் செய்யலை. பக்ஷே உங்களுக்கு அது தெரியாது. அடிங்க."

முதலில் தொட்டுத் தொட்டுத்தான் அடித்தார்கள். கபிரியேலும் சிரித்துக்கொண்டே வந்தார். பிறகு யாரோ ஒருவர் நிஜமாக ஒன்று வைத்தார். அந்தச் சத்தம் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. சூப்பர்வைசரை அடிக்க முடியாத கை, வட்டிக்காரனை அடிக்க முடியாத கை, மாமியாரை அடிக்க முடியாத கை எல்லாம் பாலை அடித்தன. கபிரியேல் சிரிப்பதை நிறுத்தி ஓடப் பார்த்தார். பால் ஓடக்கூடாது என்று மைக் சொன்னது. விழுந்தார். விழுந்த பிறகும் அடித்தார்கள்.

"இதாணு அலர்ஜி!" டைரக்டரின் குரலில் சந்தோஷம் பொங்கியது. "இனி நல்ல கிருமிகள்."

ஸ்டோருக்குப் பின்னாலிருந்து சாந்தி சேனை வந்தது. மிஷனின் காவல்காரர்கள்தான், நெஞ்சில் புறா படம் ஒட்டியிருந்தார்கள், கையில் லத்தி. புத்தியில்லாத பட்டாளத்தை அவர்கள் சமாதானப்படுத்த வேண்டும். முழங்காலில் அடித்தார்கள், முழங்கையில் அடித்தார்கள், கீழே உட்கார்ந்துவிட்டவர்களையும் இன்னும் கொஞ்சம் சமாதானப்படுத்தினார்கள். பெரியமுத்துவுக்கு முட்டியில் ஒன்று விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மைதானத்தில் ஒருவரும் அசையவில்லை.

"கண்டோ?" என்றார் டைரக்டர். "அடி வாங்கினவன் அசையாம கிடக்கறதுக்கு சயன்ஸ்ல ஒரு பேருண்டு. டாலரன்ஸ்."

அன்று சாயங்காலம் குழாயடியில் கபிரியேல் சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு பல்லைத் துப்பி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பெரியமுத்து நொண்டிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றான்.

"நான் என்ன வே செஞ்சேன்?" என்றார் கபிரியேல்.

"ஒண்ணும் செய்யல அண்ணாச்சி. நீரு பாலு."

"நீயும் அடிச்சியோ?"

"ஒண்ணே ஒண்ணு. முதுகுல."

"அந்தா பெலமா விழுந்துச்சே, அதுவா? நெனச்சேன். கியரு போடுத கைல்லா." கோபமில்லாமல் சொல்லிவிட்டு அவர் மறுபடி காதுக்குள் சுண்ணாம்பைத் தேடத் தொடங்கினார்.

பொடியை முதன்முதலாக நாக்கு நுனியில் வைத்ததுமே ஆர்த்தியின் உதடு தடித்தது. கழுத்தில் தட்டுத் தட்டாகச் சிவந்தது. ஜீப்பில் மிஷனுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நல்ல லட்சணம் என்றார் டைரக்டர், உள்ளே வெடி வெடிக்கிறது, தொடர்ந்து கொடுங்கள் என்றார். வீங்கிய பிள்ளைகளுக்கு மிஷனில் பித்தளைப் பதக்கம் கொடுத்தார்கள். உதட்டுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று. இரண்டு கண்ணும் மூடிக்கொண்டால் பதக்கத்தோடு ரிப்பன். லயத்துத் தாய்மார்களில் சிலர் தங்கள் பிள்ளைக்கு ஒரு கண்தானே வீங்கியது என்று மனம் உடைந்துபோனார்கள்.

அழகுத்தாய் பதக்கத்தை வாங்கிக்கொண்டாள். டப்பாவைப் பின்னால் ஓடையில் கொட்டினாள். அதன்பின் ஒவ்வொரு டப்பாவையும் ஓடையில் கொட்டினாள்.

"சர்டிபிகேட்டு தரமாட்டான்டி," என்றான் பெரியமுத்து.

"தராட்டா போறான். எம்பிள்ள மாடு மேய்க்கட்டும்."

"மாட்டுப்பால்தான ஆகாது அவளுக்கு."

"மேய்க்கத்தான சொன்னேன். கறக்கவா சொன்னேன்."

ஓடையின் புண்ணியத்தில் ஆர்த்தி தெளிந்தாள். உதடு வீங்கவில்லை, தோல் சிவக்கவில்லை, ஓடித் திரிந்தாள். மிஷனில் இதற்கும் விளக்கம் இருந்தது. வீங்கினால் போர் நடக்கிறது, வீங்காவிட்டால் போர் முடிந்தது. ஆகவே மலையில் முதலாவதாக வெற்றி பெற்ற வயிறு ஆர்த்தியுடையது என்று அறிவித்துவிட்டார்கள். விஜய திவசம் என்ற வெற்றி விழா நாளில் மேடையில், வந்திருக்கும் பெரிய மனிதர்களின் முன்னால், அவள் ஒரு கரண்டி நிறையப் பொடி சாப்பிட்டுக் காட்டுவாள். அங்கேயே சர்டிபிகேட் கொடுக்கப்படும்.

பொடியே கொடுக்கவில்லை என்று சொன்னால் சர்டிபிகேட் போய்விடும். சொல்லாவிட்டால் கரண்டி. அழகுத்தாய் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றாள். பெரியமுத்துதான், போய் நிற்போம், மேடைக்குக் கூப்பிடும்போது காய்ச்சல் என்று சொல்லிச் சர்டிபிகேட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வோம் என்றான். அது நல்ல யோசனை என்று அன்று காலை வரை நம்பினான்.

மைதானத்தில் பந்தல். சாந்தி சேனை வரிசையாக நின்றது. பந்தோபஸ்துக்குக் கேரளா ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டையா வந்து, நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டைரக்டர் மேடையிலிருந்து இறங்கி வந்து, ஆர்த்தியைக் கன்னத்தில் கிள்ளி, ஒரே தூக்காகத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். காய்ச்சல் என்று பெரியமுத்து சொன்னது பேண்டு வாத்தியத்தில் கேட்கவில்லை. இரண்டாவது முறை கத்திச் சொல்லியிருக்கலாம். மேடையில் சர்டிபிகேட் கண்ணாடிச் சட்டத்துக்குள் தயாராக இருந்தது. அதைப் பார்த்தான். அந்த நேரத்தில் கரண்டி பிள்ளையின் வாய்க்குள் போய்விட்டது.

டைரக்டர் குழந்தையை இறக்கிவிட்டுப் பேச்சைத் தொடங்கினார். ஆர்த்தி இரண்டு படி இறங்கி, அம்மாவைப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். அழகுத்தாய் போய் அள்ளியபோது முகம் வீங்கத் தொடங்கியிருந்தது. தொண்டைக்குள்ளிருந்து அந்த விசில் சத்தம் வந்தது. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

மிஷனின் மருந்தறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிள்ளையைப் பார்த்ததும் ஜிஸ்மியின் முகம் வெளுத்தது. கண்ணாடி அலமாரிக்குள் ஊசி தெரிந்தது. அந்த ஊசியைத் தொடையில் போட்டால் மூச்சு திரும்பும் என்று அவளுக்குத் தெரியும். அலமாரிச் சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. ஆனால் ஊசி வெளியே வந்தால் மிஷனின் மானம் போகும் என்று, டைரக்டரின் அனுமதியில்லாமல் அலமாரியைத் திறப்பவருக்கு அன்றோடு வேலை இல்லை என்று உத்தரவு.

"ஸாரோட குத்து வேணும் சேட்டா," என்றாள். கை நடுங்கியது. "ஓடிப் போயி ஸார்ட்ட ஒரு குத்து வாங்கிட்டு வா. குத்து இல்லாதெ ஊசி எடுக்க முடியாது."

பெரியமுத்து ஓடினான். என்ன குத்து, எதற்குக் குத்து என்று அவன் யோசிக்கவில்லை. மூட்டையைக் குத்தச் சொன்ன இடம். பாலை அடிக்கச் சொன்ன இடம். சமாதானம் என்று முட்டியில் போட்ட இடம். இங்கே ஊசிக்கு முன்னால் தகப்பன் ஒரு குத்து வாங்க வேண்டும் என்று சட்டமிருந்தால், இருந்துவிட்டுப் போகட்டும். மேடையில் ஏறி, டைரக்டரின் முன்னால் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றான்.

"சார், ஒரு குத்துக் குடுங்க."

டைரக்டர் பேச்சை நிறுத்திப் பார்த்தார்.

"வெரசாக் குடுங்க சார். பிள்ளைக்கு மூச்சு இழுக்குது. எங்கன வேணும்னாலும் குத்துங்க."

டைரக்டருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்காததையெல்லாம் அவர் பாராட்டாக எடுத்துக்கொள்வது வழக்கம். மைக்கைப் பிடித்து, "கண்டோ, ஒரு பிதாவின் தியாகம்!" என்றார். "மகளோட யுத்தத்துல தானும் அடி வாங்க வந்திருக்கான். இதுதான் மிஷன் வளர்த்த மனிதன்." பிறகு சாந்தி சேனையைப் பார்த்துத் தலையசைத்தார். அவர்கள் இவனைப் படியருகே இழுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார்கள். வாயில் ஒன்று, விலாவில் ஒன்று. இரண்டாவது குத்துக்குப் பெரியமுத்து நன்றிகூடச் சொன்னான். சபை எழுந்து நின்று கைதட்டியது.

ரத்தத்தைத் துப்பிக்கொண்டே மருந்தறைக்கு ஓடிவந்தான். "வாங்கிட்டேன். ஊசியப் போடு."

ஜிஸ்மி அவனைப் பார்த்தாள். அவள் கண்ணில் நீர் முட்டியது. "எண்ட கர்த்தாவே. இந்தக் குத்து இல்ல சேட்டா. சீல். பேப்பர்ல குத்தற சீல். ஸாரோட பாக்கெட்டுல இருக்கு."

பெரியமுத்து வாயைத் துடைத்துக்கொண்டான். பிறகு திரும்பினான். இந்தமுறை ஓடவில்லை, நடந்தான். சாந்தி சேனை அவனைத் தடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தியாகம் செய்ய வருகிறான் என்று நினைத்து வழிவிட்டது. டைரக்டர் புன்னகையோடு இரண்டு கையையும் விரித்தார். முதல் குத்தில் மூக்கு எலும்பு உடைந்தது. மைக் அதன் அருகில் இருந்ததால் மைதானத்தின் கடைசி வரிசைக்கும் கேட்டது. இரண்டாவதில் அவர் சர்டிபிகேட்டின் மேல் விழுந்தார். பெரியமுத்து அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, இடது கையால் பாக்கெட்டில் சீலைத் தேடினான். வலது கை அதுபாட்டுக்கு அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. லத்திகள் அவன் முதுகில் விழத் தொடங்கியபோது சீல் கிடைத்துவிட்டது.

சீலோடு அவன் மருந்தறைக்கு வந்தபோது தரை முழுக்கக் கண்ணாடித் தூள். அழகுத்தாயின் வலது கையில் முழங்கை வரை ரத்தம். அவள் இவனுக்காகவும் காத்திருக்கவில்லை, சீலுக்காகவும் காத்திருக்கவில்லை. ஜிஸ்மி பிள்ளையின் தொடையிலிருந்து ஊசியை உருவிக்கொண்டிருந்தாள். வேலை போய்விட்டது என்று முடிவு செய்துவிட்டவளின் கை, இப்போது நடுங்கவில்லை.

விசில் சத்தம் மெதுவாக இறங்கியது.

"ஊசியோட வேகம் தீர்ந்தா மூச்சிழுப்பு திரும்ப வரும். சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போ," என்றாள் ஜிஸ்மி. "டாக்டர்ட்ட சொல்லு, பொடியில பாலுண்டு. அந்தக் கிருமிய பால்லதான் வளக்கறது."

"சாருக்குத் தெரியுமா?"

"எல்லார்க்கும் தெரியும். கேட்டா சொல்லக்கூடாதுன்னு ஆர்டர்."

ஜீப்பை எடுத்தபோது ஏட்டையா ஓடிவந்து முன்சீட்டில் ஏறினார். மூச்சு வாங்க, "அரெஸ்ட் பண்ணியிருக்கேன்டே," என்றார். "வண்டிய எடு. அந்த வளைவுல மெதுவாப் போ, பிள்ள இருக்கு."

போடி ஆஸ்பத்திரியில் ஆர்த்தி அன்று பகல் முழுக்கவும், இரவும் ஆக்சிஜனோடு கிடந்தாள். மறுநாள் காலையில் கண் திறந்து, தோசை கேட்டாள். பெரியமுத்து கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தான். சாய முடியவில்லை, முதுகு முழுக்கத் தோல் உரிந்திருந்தது. அழகுத்தாயின் கையில் தையல். கைதியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டிய ஏட்டையா, டாக்டர் ரவுண்டு வரட்டும் என்று ஸ்டூலில் உட்கார்ந்து பிள்ளைக்குத் தோசையைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அப்போது டைரக்டர் வந்தார். முகத்தின் நடுவில் வெள்ளைக் கட்டு. கூடவே கேமராக்காரன் ஒருவன், பொன்னாடை, புது டப்பா ஒன்று. சாந்தி சேனையைக் கீழேயே கேட்டில் நிறுத்திவிட்டார்கள்.

அவர் எல்லோரையும் மன்னித்துவிட்டதாக மூக்கால் சொன்னார். பெரியமுத்து செய்தது குற்றமல்ல, அலர்ஜி. தகப்பனுக்குள் இருக்கும் புத்தியில்லாத பட்டாளம் சத்ரு இல்லாத இடத்தில் சத்ருவைக் கண்டிருக்கிறது. மிஷன் கேஸை வாபஸ் வாங்கிக்கொள்ளும். ஊசியைப் பற்றி யாரும் எதுவும் பேசத் தேவையில்லை. ஜிஸ்மி என்று ஒரு நர்ஸ் மிஷனில் ஒருபோதும் இருந்ததில்லை. குழந்தை பிழைத்தது நல்ல கிருமிகளால். வட்டவடையிலிருந்து கொழுக்குமலை வரை அடுத்த மாதம் எல்லாக் குழந்தைகளுக்கும் டப்பா போகிறது. அதற்கு இந்தக் குழந்தையின் முகம்தான் வேண்டும்.

"ஒரு கரண்டி," என்றார். "கேமராவுக்கு மாத்திரம். குட்டி ஒந்நு சிரிச்சா போதும்."

அவர் டப்பாவைத் திறந்தார். ஆர்த்தி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். போர்வையை வாய்வரை இழுத்துக்கொண்டாள். அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பெரியமுத்து சற்று நேரம் பார்த்தான். பிறகு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"ஏட்டையா, இந்த ஆஸ்பத்திரி எந்த ஸ்டேஷனு லிமிட்டு?"

ஏட்டையா தோசைத் தட்டைக் கீழே வைத்தார். டைரக்டரைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்தார்.

"இது தமிழ்நாடுல்லாடே. போடிமெட்டு எறங்கிட்டா எனக்கு லத்தியும் கெடையாது, கண்ணும் கெடையாது," என்றார். "நான் போயி ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்."

போகும்போது கேமராக்காரனையும் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போனார். கதவைச் சாத்திவிட்டுத்தான் போனார்.

அழகுத்தாய் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, தையல் போடாத கையால் மகளின் கண்ணைப் பொத்தினாள்.